பாப்-அப் வண்டிகளுக்கு இடமில்லை என்று சொல்லும் ஆர்.வி. பார்க் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்துதான் எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி, ரொம்ப மரியாதையாக, சம்பந்தப்பட்ட பார்க்குக்கு நவம்பரிலேயே அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் அடங்காமல் போனதெல்லாம் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது, அதை இங்கே இறக்கி வைக்கிறேன். உங்கள் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கோடைக்கு ஒரு பழைய பாப்-அப் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் படித்தாலே போதும்.

பாப்-அப்பைப் பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஆர்.வி. என்றால் படுக்கை, சமையல் வசதியோடு போகிற பயண வண்டி, ஆர்.வி. பார்க் என்றால் காசு கட்டி அதை நிறுத்தித் தங்குகிற இடம். பாப்-அப், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற மடக்கு வகை. சாலையில் போகும்போது அது நெஞ்சளவு உயரமுள்ள ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். முகாமில் நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் கூரை மெல்ல மேலே எழும்பும், முன்னாலும் பின்னாலும் மேசை இழுப்பறை மாதிரி ஒவ்வொரு கட்டில் வெளியே வரும், கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற சுவர் முழுக்கக் கேன்வாஸ், கொசுவலை, பிளாஸ்டிக் சன்னல். உள்ளே அடுப்பு, சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், கேஸ் ஹீட்டர் எல்லாம் உண்டு. எங்களுடையது 2004-ம் வருட ஃப்ளீட்வுட், பென்சில்வேனியாவின் சாமர்செட்டில் செய்தது. அதற்குள் ஒரு கழிப்பறையும் இருக்கிறது, கழிவு சேரும் டப்பாவை மட்டும் வெளியே உருவி எடுத்து டம்ப் ஸ்டேஷனில், அதாவது வண்டிக் கழிவைக் கொட்டுவதற்கென்றே இருக்கும் இடத்தில், கொட்டிவிடலாம். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஏன் பாப்-அப் என்றால் காரணம் ஒன்றும் ரசனை சார்ந்ததல்ல. எங்கள் வீட்டு சியென்னா மினிவேன் 3,500 பவுண்டுதான் இழுக்கும். பெரிய ட்ரெய்லர் வாங்கினால் அதை இழுக்க ஒரு பிக்கப் வாங்க வேண்டும், பிக்கப் வாங்கினால் அதை நிறுத்த இடம் வேண்டும், எங்கள் குடியிருப்புச் சங்கமோ வாசலில் எந்த ஆர்.வி.யும் நிற்கக் கூடாது என்கிறது. மடித்தால் கேரேஜுக்குள் போகிற ஒரே வகை இதுதான். ஆக வீட்டுப் பக்கம் இது ஆர்.வி., அதனால் ஒளித்து வை என்கிறார்கள், பார்க்குக்கு வந்தால் நீங்கள் இது ஆர்.வி.யே இல்லை என்கிறீர்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

போன அக்டோபர் நடுவில், இலை நிறம் மாறுகிற சமயம், டென்னசியின் ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆறு மாத விசாவில் வந்திருந்த என் மாமியார். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் எல்க்மான்ட், கேட்ஸ் கோவ் முகாம்கள் அந்த வாரம் முழுக்க நிரம்பிவிட்டன, அக்டோபரில் அப்படித்தான். அதனால் வெளியே, செவியர்வில் பக்கம் ஒரு தனியார் ஆர்.வி. பார்க்கில் மூன்று இரவுக்குப் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், அந்த ஒரு பார்க்கை மட்டும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பதிவுப் படிவத்தில் வண்டி வகை கேட்டார்கள்: கிளாஸ் ஏ, பி, சி (தானே ஓடும் மூன்று வகை), ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லர்), ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுப்பது). பாப்-அப் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவது ட்ராவல் ட்ரெய்லர்தானே, அதைத் தட்டினேன். நீளம் 23 அடி என்று போட்டேன், விரித்தால் அவ்வளவுதான். பணம் போனது, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தது, சைட் எண்கூட, அதாவது வண்டி நிறுத்தும் இடத்தின் எண்கூட, வந்தது.

கொலம்பஸிலிருந்து எட்டு மணி நேரம் ஓட்டி, நாக்ஸ்வில்லைத் தாண்டி 407-ம் எக்ஸிட்டில் இறங்கி, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேருகிற அந்தச் சாலையில் இன்னும் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, பார்க் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ஏழே முக்கால். இருட்டிவிட்டது, தூறல் வேறு. கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான், வாய் நிறைய வரவேற்றார், ரசீதை அச்சடித்தார், சைட்டுக்கு வழி காட்ட வெளியே வந்தார். என் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஸாரி. பாப்-அப் எடுப்பதில்லை."

ஏன் என்று கேட்டேன். முதலில் கரடி என்றார். தேசியப் பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போட விடுகிறார்களே என்றேன். பாலிசி என்றார். பாலிசிக்குக் காரணம் என்ன என்றால், உரிமையாளர் சொல்வது என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பாவம் அவரே தன் கணினியில் தேடி எடுத்துக் காட்டினார். இணையதளத்தின் அடியில், நாய் விதிகளுக்கும் நீச்சல்குள நேரத்துக்கும் நடுவே, ஒரே ஒரு வரி. கூடாரம் கூடாது, பாப்-அப் கூடாது, எந்த வகைக் கேன்வாஸும் கூடாது. அதைப் படிக்காமல் வந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் வைக்காதது உங்கள் தப்பு, நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள். ஓர் இரவுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்கள்.

இப்போது சொல்லப்போவதை ஆங்கிலக் கடிதத்தில் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. வண்டிக்குத் திரும்பி நடந்த அந்த இருபது அடியில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் பாப்-அப்பைப் பற்றியதே அல்ல. நம்ம மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்பதுதான். ஐந்து பேர், நெற்றியில் விபூதியோடு ஒரு வயதான அம்மா, பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் போகாத என் உச்சரிப்பு. மனைவி முகத்திலும் அதே கேள்வி. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். அத்தைதான் விஷயம் முழுசாகப் புரியாமலே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, பணம் வாங்கிட்டு இடம் இல்லேங்கறாங்களா? மழைக்கு ஒதுங்க ஒரு திண்ணைகூடவா இல்லை இந்த ஊர்ல?"

வண்டியைத் திருப்ப வழியில்லாமல் நான் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வண்டி உள்ளே வந்தது. டென்னசி எண் பலகை, வெள்ளைக்கார வயதான தம்பதி, பின்னால் என்னுடையதைவிடப் பழைய ஒரு பாப்-அப். அவர்களையும் அதே மனிதர் அதே 'ஸாரி'யோடு நிறுத்தினார். உண்மையைச் சொன்னால், அந்தத் தம்பதிக்கு இடம் மறுத்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு கேவலமான நிம்மதி பாருங்கள். 1964-ன் சிவில் உரிமைச் சட்டம், தங்க வருகிறவரை இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது, கேன்வாஸ் பார்த்து அனுப்பக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் நிலம், உங்கள் விதி, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் காரணம் எழுதாத விதி ஒன்றை நீட்டினால், எதிரே நிற்கிறவர் காரணத்தைத் தானே எழுதிக்கொள்வார். என்னைப் போன்றவர்கள் எதை எழுதிக்கொள்வோம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், இப்போது சொல்லிவிட்டேன்.

சரி, காரணங்களுக்கே வருவோம். அந்த இரவுக்கு அப்புறம் குளிர்காலம் முழுக்க இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன், மனைவிக்குச் சலித்துவிட்டது.

கரடி. இது உண்மையான காரணமாக இருக்கும் இடங்கள் உண்டு, அங்கே நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பூங்காவிலேயே தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உள்ள ஒரே முகாம் அதுதான். அங்கே கூடாரமும் கிடையாது, பாப்-அப்பும் கிடையாது, கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும். ஏனென்றால் அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம், அதை அவர்களே காரணமாகச் சொல்கிறார்கள். 2010 ஜூலை கடைசியில் மொன்டானாவின் குக் சிட்டி பக்கத்தில் சோடா பியூட் முகாமில் ஒரு தாய்க் கரடி ஒரே இரவில் கூடாரங்களில் தூங்கியவர்களைத் தாக்கியது, ஒருவர் இறந்தார், இரண்டு பேர் காயத்தோடு தப்பித்தார்கள். அதற்குப் பிறகு அந்த முகாமிலும் கெட்டிச் சுவர் விதி வந்தது. என் பிள்ளைகளைக் கேன்வாஸுக்குள் படுக்க வைத்துக்கொண்டு அதை எதிர்க்க எனக்கு என்ன பைத்தியமா? கனடாவில் பான்ஃப் பூங்காவின் லேக் லூயிஸில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு ஒரு முகாம், கூடாரத்துக்கும் கேன்வாஸ் வண்டிக்கும் இன்னொரு முகாம், இரண்டாவதைச் சுற்றி மின்வேலி. கரடிதான் பிரச்சினை என்றால் கரடியைத் தடுத்தார்கள், கேன்வாஸோடு வந்தவனைத் தடுக்கவில்லை.

ஸ்மோக்கியில் இருப்பது கிரிஸ்லி அல்ல, அதைவிடச் சாதுவான கருங்கரடி. சதுர மைலுக்குச் சுமார் இரண்டு என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது, நிறையத்தான். ஆனால் அந்தக் கரடிகள் எல்லாம் வாழ்கிற காட்டுக்குள்ளேயே, எல்க்மான்ட்டிலும் கேட்ஸ் கோவிலும், தேசியப் பூங்கா சாதாரணக் கூடாரத்தை அனுமதிக்கிறது. சாப்பாட்டை வண்டிக்குள் பூட்டு, குப்பையைக் கரடி திறக்க முடியாத தொட்டியில் போடு, சமைத்த அடுப்பை வெளியே விடாதே, இவ்வளவுதான் நிபந்தனை. காட்டுக்கு வெளியே, பான்கேக் கடைகளுக்கும் மினி கோல்ஃப் மைதானங்களுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற பார்க் கரடிக்காகக் கேன்வாஸைத் தடுக்கிறது என்றால், அந்தக் கரடியே சிரிக்கும்.

அடுத்தது கழிப்பறை. இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதுவும் பாதி நியாயம் இல்லை, முழு நியாயம். நிறைய பார்க்குகளில் பொதுக் குளியலறைக் கட்டடமே கிடையாது. அங்கே கழிப்பறை இல்லாத வண்டியோடு ஒருவர் வந்து இறங்கினால் அவர் எங்கே போவார், எந்தப் புதருக்குப் போவார் என்பது உங்கள் கவலைதான். சிங்க் தண்ணீரும் அப்படியே. பழைய பாப்-அப் பலவற்றில் கழிவுநீர்த் தொட்டி கிடையாது, பக்கவாட்டில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் கலந்த தண்ணீரை அப்படியே மண்ணில் விடுகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன், நாலு வார்த்தை கேட்கலாம் போல இருக்கும். நான் 15 காலன் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்பியதும் சக்கரத்தில் உருட்டிக்கொண்டுபோய்க் கொட்டுகிறேன். ஆக உங்கள் கேள்வி "உன் வண்டியில் கழிப்பறை இருக்கிறதா, கழிவுநீரைப் பிடிக்கத் தொட்டி இருக்கிறதா" என்பதாக இருந்தால், என் பதில் இரண்டுக்கும் 'இருக்கிறது'. நீங்கள் கேட்டதோ "உன் சுவர் எதால் செய்தது". கவனித்தீர்களா, கெட்டிச் சுவர் உள்ள டியர்ட்ராப் (கண்ணீர்த்துளி வடிவக் குட்டி) ட்ரெய்லர்களில் பாதிக்கு மேல் கழிப்பறை கிடையாது, நான் பார்த்தவரை. உங்கள் விதிப்படி அவர் உள்ளே, நான் வெளியே.

இது ஆர்.வி.யே இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் ஆர்.வி. என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில், மோட்டார் ஹோம், ட்ராவல் ட்ரெய்லர், ட்ரக் கேம்பர் இவற்றோடு கேம்பிங் ட்ரெய்லரையும் அதே வரியில் வைத்திருக்கிறது. அந்தக் கேம்பிங் ட்ரெய்லர் வேறு யாருமில்லை, மடித்து இழுத்துப்போய் விரிக்கும் நம்ம ஆள்தான். ஆர்.வி. தயாரிப்பாளர்கள் சங்கமும் மடக்கு ட்ரெய்லரை ஆர்.வி. வகைகளில் ஒன்றாகத்தான் எண்ணுகிறது.

அழகு. இதை யாரும் எழுத்தில் போடுவதில்லை, ஆனால் போனில் நாலு பார்க்குகளைக் கூப்பிட்டுக் கேட்டதில் இரண்டு பேர் நேராகவே சொன்னார்கள், பார்க் பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டி கூடாது என்கிற விதியும் இதே வீட்டுப் பிள்ளைதான். அந்த விதியிலாவது சில இடங்களில் புகைப்படம் அனுப்பச் சொல்லி, வண்டி நன்றாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள், கேன்வாஸுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

உங்கள் பார்க்கில் வரிசையாக நிற்கிறதே ஜேகோ என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதிய ட்ரெய்லர்கள், அந்தக் கம்பெனி 1968-ல் இன்டியானாவின் மிடில்பரி பக்கம் லாயிட் பான்ட்ரேகர் என்பவர் தன் பண்ணையிலேயே தொடங்கியது. அங்கே அவர் முதலில் செய்து விற்றது மடக்கு ட்ரெய்லர், கூரையைத் தூக்கும் அந்தப் பொறியமைப்பு அவர் கண்டுபிடித்தது. அவர் தன் முதல் வண்டியை இழுத்துக்கொண்டு இன்று உங்கள் வாசலுக்கு வந்தால் உங்கள் கவுன்ட்டர் ஆள் ஸாரி சொல்லித்தான் அனுப்புவார். சரி, பழைய கதை வேண்டாம், புதிய கதைக்கு வருவோம். வின்னபேகோ சோலிஸ் என்று ஒரு வேன் இருக்கிறது, கூரை மேலே எழும்பும், மேலே இரண்டு பேர் படுக்கலாம், அந்தப் படுக்கையைச் சுற்றிக் கேன்வாஸ் துணி. புதிதாக வாங்கினால் ஒரு லட்சம் டாலருக்கு மேல். நான் திரும்பிப் போன அந்த இரவு, அலுவலகத்திலிருந்து மூன்றாவது சைட்டில் அப்படி ஒரு வேன், சோலிஸோ வேறு எதுவோ இருட்டில் சரியாகத் தெரியவில்லை, கூரையைத் தூக்கி நிறுத்தி, துணி வழியாக உள்ளே விளக்கு மஞ்சளாகத் தெரிய, ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. எந்த வகைக் கேன்வாஸும் கூடாது என்ற வரி அதன் சொந்தக்காரர் கண்ணில் படவில்லையா, இல்லை உங்கள் கண்ணில் அவர் துணி படவில்லையா?

புயல் காற்று பற்றியும் ஒருவர் சொன்னார். சூறாவளி எச்சரிக்கை வந்தால் பாப்-அப் மட்டுமல்ல, எந்த ட்ரெய்லரிலும் இருக்காதே, கெட்டியான கட்டடத்துக்கு ஓடு என்றுதான் தேசிய வானிலைச் சேவை சொல்கிறது. 40 அடி ஃபிஃப்த் வீலுக்கும் அதேதான்.

சத்தம் என்பதுதான் எனக்குப் புரிய நேரமெடுத்த காரணம். பாப்-அப்காரர்கள் சத்தம் போடுவார்கள் என்று நினைக்கிறார்களோ என்று நினைத்திருந்தேன். அது இல்லை. கேன்வாஸுக்குள் படுத்திருப்பவனுக்கு எல்லாம் கேட்கும். பக்கத்து சைட் ஜெனரேட்டர் கேட்கும், விடியற்காலை ஐந்தரைக்கு டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் சூடேற்றுவது கேட்கும், எதிர் வண்டிக்காரர் தன் அண்ணனோடு போனில் போடுகிற சொத்துத் தகராறு வரிக்கு வரி கேட்கும், காலையில் அலுவலகத்துக்கு வந்து புகார் சொல்பவன் அவன்தான். உங்களுக்குத் தலைவலி எங்கள் சத்தத்தால் அல்ல, எங்கள் காதால். சரி, நியாயமான தலைவலிதான். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதியை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை மீறியவரை விட்டுவிட்டு, மீறியது கேட்டுவிட்டது என்பவனை வெளியே வைக்கிறீர்கள்.

அன்றிரவு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. அந்த டென்னசி தம்பதிதான், இருபது மைல் தள்ளி ஒரு சின்ன கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது, தங்களுக்குத் தெரிந்த இடம், பின்னாலேயே வாருங்கள் என்றார்கள். போய்ச் சேர ஒன்பதரை. மழை வலுத்துவிட்டது. பாப்-அப்பை மழையில் விரித்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, காரோடு மாட்டியிருக்கும் ஹிட்சைக் கழற்றுவது, நாலு மூலைக்கும் ஜாக், அப்புறம் கைப்பிடி. ஐம்பது சுற்றாவது சுற்ற வேண்டும், பெரியவன் குடையைப் பிடிக்கிறேன் என்று பிடித்து மொத்தத் தண்ணீரையும் என் முதுகில் விட்டுக்கொண்டிருந்தான். கட்டிலை இழுத்து அடியில் கம்பி கொடுப்பதற்குள் கேன்வாஸ் மடிப்புகளில் குளம் கட்டிவிட்டது, அதைத் தட்டிவிட்டால் நேராக மெத்தைக்கு. கதவு கூரையோடு சேர்ந்து தலைகீழாகத் தொங்கும், அதை இறக்கிப் பொருத்தினால்தான் வண்டி மூடும், அந்தக் கொக்கி எப்போதும் மழையில்தான் சண்டை பிடிக்கும். எல்லாம் முடிந்து ஹீட்டர் பற்றிய பத்தாவது நிமிடம் உள்ளே கதகதப்பாகிவிட்டது. அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, கொண்டுவந்த புளியோதரையைக் காகிதத் தட்டில் போட்டுக் கொடுத்தார். கேன்வாஸில் மழை விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு சின்னவள் ரெண்டு வாயிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை அந்த இடத்தின் மேலாளரிடம் காபி குடித்துக்கொண்டே கேட்டேன், நீங்கள் எப்படிக் கேன்வாஸை விடுகிறீர்கள் என்று. அந்த மனிதர் சிரித்தார். முன்னால் வேறொரு பார்க்கில் வேலை பார்த்தாராம், அங்கே தடை வந்த கதையைச் சொன்னார். ஒருவர் கிழிந்த பாப்-அப்போடு ஒரு வாரத்துக்கு என்று வந்தார், மேலே நீலத் தார்ப்பாய் போட்டுக்கொண்டு எட்டு மாதம் இருந்தார், வெளியேற்ற வழக்கு வரை போனது, அடுத்த வாரமே பாப்-அப் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். "அந்த ஆள் போனதும் பலகையை எடுக்க மறந்துட்டாங்க" என்றார். நாலு பார்க்குக்கு போன் போட்டுக் கேட்டுத் தெரியாதது ஒரு காபியில் தெரிந்தது. பயம் கேன்வாஸைப் பற்றியதல்ல, போகாமல் தங்கிவிடுகிறவரைப் பற்றியது. வேறு எங்கும் போக இடமில்லாதவரைப் பற்றியது என்றுகூடச் சொல்லலாம், அது பெரிய விஷயம், அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது மட்டுமல்ல. ஆனால் அதற்குச் சரியான விதி பதினான்கு நாள் வரம்பு. தேசிய வனத்துறை முகாம்கள் பலவற்றில் அந்த விதிதான். கேன்வாஸ் தடை போட்டால் எட்டு மாதம் தங்க நினைக்கிறவர் ஓட்டை ட்ராவல் ட்ரெய்லரோடு வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடை போடுவதாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில் பக்கத்திலேயே எழுதுங்கள்: கிரிஸ்லி நடமாட்டம், அல்லது குளியலறைக் கட்டடம் இல்லை, அல்லது எங்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சொன்னதை எழுதினால்கூட எனக்குச் சம்மதம், குறைந்தபட்சம் இருட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு நான் வேறு எதையும் கற்பனை செய்ய மாட்டேன். பதிவுப் படிவத்தில் பாப்-அப் என்று ஒரு கட்டம் வையுங்கள், அதைத் தட்டியதும் 'மன்னிக்கவும்' என்று வரட்டும், எட்டு மணி நேரம் மிச்சம். கழிப்பறை உண்டா, தொட்டி உண்டா என்று எல்லா வண்டிக்காரரிடமும் கேளுங்கள். இடம் இருந்தால் குளியலறைப் பக்கமாக நாலைந்து சைட்டை ஒதுக்குங்கள். ஃப்ளோரிடாவில் டிஸ்னி நடத்தும் ஃபோர்ட் வில்டர்னஸ் 1971-லிருந்து நடக்கிறது, அழகு விஷயத்தில் டிஸ்னியைவிடக் கறாரான ஆட்கள் இந்த நாட்டில் இல்லை, அங்கேயே கூடாரத்துக்கும் பாப்-அப்புக்கும் என்று ஒரு தனி வகை சைட் வைத்திருக்கிறார்கள்.

ஸ்மோக்கியிலிருந்து ஈரத்தோடு மடித்துக்கொண்டு வந்த வண்டியை வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை. வாசலில் விரித்தால் குடியிருப்புச் சங்கம் கடிதம் போடும், கேரேஜுக்குள் கட்டிலை இழுக்க இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்து, மின்விசிறி வைத்து, மறுநாள் மறுபக்கம் என்று காய வைத்தேன். அப்படியும் சன்னல் ஓரத்தில் ஒரு குவார்ட்டர் காசு அளவு கறுப்புப் புள்ளி நின்றுவிட்டது, வினிகர் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

போன வாரம் மே மாதப் பயணத்துக்கு, கென்டக்கி பக்கம் ஒரு பார்க்கின் படிவத்தைத் திறந்தேன். அதே கட்டங்கள், பாப்-அப் இல்லை. இந்தத் தடவை எதையும் தட்டாமல் போன் செய்தேன். எடுத்தது ஒரு வயதான அம்மா, பின்னால் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பாப்-அப் என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"டாய்லெட் இருக்கா அதுல?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"சிங்க் தண்ணி?"

தொட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

"சரி, பதினோராம் நம்பர் சைட் எடுத்துக்கங்க, அங்கே நிழல் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாயை அதட்டப் போய்விட்டார்.

இப்படிக்கு,
கொலம்பஸிலிருந்து, ஒரு பாப்-அப்காரன்